ரத்தோட்டை வாசகருக்கு: மோட்டரை இப்போதே மாற்ற வேண்டாம்



பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். பதிலைத் தனியாக அனுப்பாமல் இங்கே எழுதக் காரணம் உண்டு. ஐப்பசி மழை பிடித்ததும் உக்குவளையிலிருந்தும் நாவுலயிலிருந்தும் இதே கேள்விதான் வரும். "மழையில் வைப்பர் கொஞ்ச நேரம் ஓடுகிறது, பிறகு கண்ணாடிக்கு நடுவிலேயே நின்றுவிடுகிறது. ஓரமாக நிறுத்திக் காத்திருந்தால் மறுபடி ஓடுகிறது. மோட்டர் போய்விட்டது என்று கராஜில் சொல்கிறார்கள். மாற்றவா?"

மாற்ற வேண்டாம். இந்தக் கடிதத்தில் உள்ளதைச் செய்து பார்த்த பிறகும் நின்றால் மாற்றுங்கள்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. செத்துப்போன மோட்டர் எவ்வளவு காத்திருந்தாலும் ஓடாது. பல வைப்பர் மோட்டர்களுக்குள் சூட்டுக்குத் திறந்துகொள்ளும் ஒரு சின்னத் துண்டிப்பான் இருக்கும். இழுக்க முடியாத பாரத்தை இழுக்கும்போது மோட்டர் சூடேறும். துண்டிப்பான் மின்சாரத்தை வெட்டிவிடும். வைப்பர் கை எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும். சூடு தணிந்தால் தானாகச் சேர்ந்து மறுபடி ஓடும். உங்கள் மோட்டர் செய்வது பெரும்பாலும் இதுதான். அதற்கு அவ்வளவு பாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் புதியதைப் பூட்டினால், புதியதும் அதே பாரத்தைத்தான் இழுக்கும்.

உங்களுக்கு வேலை தம்புள்ளையில், வீடு ரத்தோட்டையில். திங்கள் காலை இறங்குகிறீர்கள், வெள்ளி மாலை ஏறுகிறீர்கள். இடையில் கார் முழுக்க வெயிலில் நிற்கிறது. ஒரே மாத்தளை மாவட்டம்தான், ஆனால் அந்தக் காருக்கு இரண்டு நாட்டுத் தட்பவெப்பம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தம்புள்ளை, கலேவெல பக்கம் பெரிதாக மழையில்லை. காய்ந்த காற்றும் புழுதியும்தான். அந்த மாதங்களில் வைப்பரை யாரும் போடுவதில்லை. இறப்பர் கண்ணாடியோடு ஒட்டிக் காய்கிறது. வைப்பர் கைகள் பூட்டியிருக்கும் தண்டுகளில் மிச்சமிருந்த கிறீஸ் வற்றுகிறது, புழுதி உள்ளே போகிறது, தண்டு இறுகுகிறது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நாலந்தா தாண்டியதும் வானம் உடைந்து கொட்டுகிறது. அப்போதுதான் சுவிட்சைத் தட்டுகிறோம். பழுது வந்தது மழையில் என்று நினைக்கிறோம். அது வெயிலில் வந்தது. எங்கள் மாவட்டத்தில் வைப்பரைப் பார்க்கவேண்டிய காலம் ஆவணி என்று நான் சொல்வது இதனால்தான். கராஜிலும் அப்போது கூட்டம் இருக்காது.

சரி, பொனட்டைத் திறங்கள். உங்களுடையது நிசான் சனி எஃப்பி 15, இருபது வருடத்துக்கு மேல் பழையது. அதைச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதுவரை இந்த நாட்டில் எல்லோரும் இருந்ததை வைத்தே ஓட்டினோம்.

முதலில் ஒரு சோதனை. கண்ணாடியை நன்றாக நனையுங்கள். காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டிப் பார்ப்பது இறப்பருக்கும் கெடுதல், சோதனைக்கும் கெடுதல். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வீட்டில் ஒருவரைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, வைப்பர் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை போய் வருகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க விதி ஒன்று உண்டு: இரண்டு வேகமாவது இருக்கவேண்டும், வேகமானது நிமிடத்துக்கு 45 முறைக்கும் மெதுவானது 20 முறைக்கும் குறையக்கூடாது. நமக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, ஆனால் அளவுகோலாக வைத்துக்கொள்ள நல்லது. உங்கள் வைப்பர் முதல் வேகத்தில் பதினைந்து, பதினாறு என்று தள்ளாடினால் நான் சொல்லும் இறுக்கம்தான்.

அடுத்தது கையை விட்டுப் பார்ப்பது. சாவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்: கண்ணாடிக்குக் கீழே உள்ள மூடிக்குள் விரல் இருக்கும்போது நின்றிருந்த மோட்டர் திடீரென்று சூடு தணிந்து ஓடத் தொடங்கினால் விரல் போய்விடும். மோட்டர் சின்னது, ஆனால் பல்சக்கரம் வழியாக வரும்போது அதன் பலம் சின்னதில்லை.

வைப்பர் கைகளைக் கழற்றுமுன், பிளேட் நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது ஒரு பல் தள்ளிப் பூட்டி, பிளேட் கண்ணாடியின் விளிம்பில் போய் அடிக்கும். கையின் அடியில் உள்ள மூடியை நெம்பினால் நட் தெரியும். ஜப்பான் கார்களில் பெரும்பாலும் 14 ஸ்பானர் போகும். நட் கழன்றாலும் கை வராது, பல்லில் இறுகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயின்ட்தான் போகும். கையை உயர்த்திவைத்து இடமும் வலமுமாக ஆட்டினால் மெல்ல விடும். ஒரு தடித்த துவாயைக் கண்ணாடிமேல் விரித்துவிட்டே இதைச் செய்யுங்கள். பிளேட் இல்லாத இரும்புக் கை ஸ்பிரிங் வேகத்தில் கண்ணாடியில் விழுந்தால் வைப்பர் செலவு கண்ணாடிச் செலவாகிவிடும்.

கைகள் வந்தபின் கண்ணாடிக்குக் கீழே உள்ள கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்குங்கள். வீட்டில் காரைப் பலா மரத்தடியில் நிறுத்துவதாக எழுதியிருந்தீர்கள். அந்த மூடிக்குள் பலாச் சருகு அடைந்து மக்கிக் கிடக்கும் என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம். அதற்குள் விழும் மழைநீர் ஓரத்தில் உள்ள துவாரங்கள் வழியாக வழிந்து கீழே போகவேண்டும். சருகு அடைத்தால் தண்ணீர் குளம்போலத் தேங்கி, மோட்டரையும் தண்டுகளையும் இணைக்கும் லிங்க் கம்பிகளும் மோட்டரும் அதில் ஊறும். அள்ளிப் போட்டுவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் பின்னால் ஒழுகினால் சரி.

இப்போது மோட்டரின் சிறு கைப்பிடியிலிருந்து லிங்க் கம்பியைப் பிரிக்க வேண்டும். பந்தும் குழியுமான பொருத்து அது. பெரிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் "டப்" என்று கழலும். பிரிந்ததும் லிங்க் கம்பியை விரலால் தள்ளிப் பாருங்கள். இரண்டு தண்டுகளும் தடையில்லாமல் போய்வர வேண்டும். உங்கள் காரில் போகாது என்று நினைக்கிறேன். பிறகு சாவியைப் போட்டு, தூர நின்றுகொண்டு, மோட்டரைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். பாரமில்லாமல் அது நிற்காமல், சூடேறாமல், இரண்டு வேகத்திலும் சுற்றினால் மோட்டருக்கு நோயில்லை. முழுப் பரிசோதனையும் இவ்வளவுதான். இதைச் செய்யாமல் "மோட்டர்" என்று சொல்கிற கராஜ் சோம்பேறிக் கராஜ். புதுசுக்கு ஒரு விலை, ரீகண்டிஷனுக்கு ஒரு விலை என்று உங்களிடம் சொன்னவர்கள் லிங்கைத் தொட்டுப் பார்த்ததாகவே நீங்கள் எழுதவில்லை.

இறுகிய தண்டுக்கு வைத்தியம் எளிது, பொறுமைதான் வேண்டும். தண்டின் தலையில் இருக்கவேண்டிய இறப்பர் தொப்பி விழுந்துபோயிருக்கும்; அந்த வழியாகத்தான் மழையும் புழுதியும் இறங்கியிருக்கும். டபிள்யூடி-40 அடித்து ஊறவிட்டு, குறட்டால் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் திருப்புங்கள். முதலில் முறுமுறுக்கும், பிறகு துரு கலந்த கறுப்புத் தண்ணீர் கசியும், பிறகு இளகும். இளகியதும் முடிந்தது என்று பூட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்த எண்ணெய் கழுவத்தான் உதவும், நின்று வேலை செய்யாது. அடுத்த மாதம் பழையபடி இறுகும். தண்டைப் பிடித்திருக்கும் வளையக் கிளிப்பைக் கழற்றி, தண்டை வெளியே இழுத்து, நுண்ணிய எமரித் தாளால் துருவை எடுத்து, துடைத்து, புதுக் கிறீஸ் தடவிப் போடுங்கள். கிளிப் எங்கேயாவது பாய்ந்து காணாமல் போகும், அதைப் பிடிக்க ஒரு பிள்ளையை நிறுத்திக்கொள்ளுங்கள். பந்துகளுக்கும் கொஞ்சம் கிறீஸ். பிளாஸ்டிக் புஷ் தேய்ந்து ஆடினால் அதையும் மாற்றவேண்டும், ஏனென்றால் ஒரு நாள் அது கழன்று, மோட்டர் சத்தம் மட்டும் கேட்க வைப்பர் படுத்துக் கிடக்கும். அப்போதும் யாராவது மோட்டர் என்பார்கள்.

லிங்க் இலகுவாக ஓடி, மோட்டர் தனியாகவும் நின்று நின்று ஓடினால் என்ன செய்வது? அப்போது சொக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். பின்கள் பச்சை பூத்திருக்கலாம், பிளாஸ்டிக் உருகியிருக்கலாம். மோட்டரை உடலோடு பூட்டும் போல்ட்டின் அடியில் துருப்பிடித்திருந்தால் எர்த் சரியாக வராது. எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 14 வோல்ட் அளவு இருக்கும். வைப்பர் ஓடும் நிலையில் மோட்டர் சொக்கெட்டிலும் ஏறக்குறைய அதே வரவேண்டும். இரண்டு மூன்று வோல்ட் வழியில் தொலைந்தால் வயரிலோ சுவிட்சிலோ குற்றம். அதுவும் சரியாக இருந்து மோட்டர் மட்டும் தள்ளாடினால், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ஓட்டோ எலக்ட்ரிக் கடைக்காரர் அதை மட்டும் மாற்றித் தருவார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும், நாவுல வாசகர் கேட்பார். வைப்பர் போட்டிருக்கும்போது தானாக நிற்பது வேறு. நாம் நிறுத்தியதும் கீழே போய்ப் படுக்காமல், நின்ற இடத்தில் அப்படியே நிற்பது வேறு. மோட்டரின் பல்சக்கரத்தோடு ஒரு செம்புத் தகடு சுற்றும். சுவிட்சை நிறுத்திய பிறகும் கை கீழே வரும்வரை மின்சாரம் கொடுப்பது அதன் வேலை. அந்தத் தொடுகை அழுக்காகிவிட்டால் இரண்டாவது குறை வரும். திறந்து துடைத்தாலே பல மோட்டர்கள் சரியாகிவிடுகின்றன. ஃபியூஸ் அடிக்கடி போவது மூன்றாவது வகை. எங்கோ சிக்கியிருக்கிறது அல்லது வயர் உரசியிருக்கிறது என்று பொருள். ஃபியூஸ் இருந்த இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் செருகும் பழக்கத்தை லொறிக்காரர்களிடம் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு எரியப்போவது ஃபியூஸ் அல்ல, வயர்.

வைப்பர் நடுவழியில் படுப்பது பற்றிப் பெரியவர்கள் இதைவிடச் சுவையான கதை வைத்திருக்கிறார்கள். 1950களின் ஃபோர்ட் ஆங்கிலியா, ப்ரிஃபெக்ட் கார்களில் வைப்பருக்கு மின் மோட்டரே கிடையாது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுவையில்தான் வைப்பர் ஓடும். மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால் அந்த இழுவை குறைந்துவிடும். அதாவது ஏற்றத்தில், மழையில், பார்வை எப்போது அதிகம் தேவையோ அப்போது வைப்பர் தூங்கிவிடும். காலைத் தூக்கினால் விழித்துக்கொண்டு படபடவென்று அடிக்கும். மலைநாட்டு ஏற்றங்களில் அந்தக் கார்களை ஓட்டியவர்கள் மிதிப்பதும் விடுவதுமாக ஏறியிருக்க வேண்டும். அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண் 1903 நவம்பரில் காப்புரிமை வாங்கிய முதல் வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை. அது உள்ளே இருந்து கையால் ஆட்டும் நெம்புகோல், மேடாவது பள்ளமாவது.

உங்கள் இரண்டாவது முறைப்பாட்டுக்கு வருகிறேன். வலது பிளேட், அதாவது ஓட்டுகிறவர் பக்கத்துப் பிளேட், கீழிருந்து மேலே போகும்போது வழுக்கிப் போகிறது, மேலிருந்து கீழே வரும்போது தடதடவென்று குதிக்கிறது என்கிறீர்கள். ஒரு திசையில் மட்டும் என்று கவனித்து எழுதியது நல்லது. பிளேட்டின் நுனியில் உள்ள மெல்லிய உதடு, போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தபடி இழுபடவேண்டும். திரும்பும்போது மறுபக்கம் புரளவேண்டும். தம்புள்ளை வெயிலில் மாதக்கணக்கில் ஒரே பக்கம் சாய்ந்தபடி காய்ந்த இறப்பர் அப்படியே விறைத்துவிடும். பிறகு ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் குத்திக் குத்திக் குதிக்கும். அதற்கு இறப்பரை மாற்றுவதுதான் வழி. மாற்றியும் குதித்தால் கையே முறுகியிருக்கிறது. பிளேட்டைக் கழற்றிவிட்டுக் கையின் நுனி கண்ணாடிக்குச் சமாந்தரமாக நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டு ஸ்பானர் பிடித்து மெல்லத் திருத்தலாம்.

இறப்பர் மிருதுவாகட்டும் என்று மண்ணெண்ணெய் தடவச் சொல்வார்கள். செய்யாதீர்கள். இறப்பர் ஊதி, நுனி அலையலையாகிவிடும். எமரித் தாளால் நுனியைத் தேய்ப்பதும் ஓரிரு மழைக்குத்தான் தாங்கும். இறப்பர் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு ஒரு சோடி பிளேட்டுக்கு இவ்வளவு கஞ்சத்தனம் வேண்டியதில்லை. வாங்கும்போது பழைய பிளேட்டின் நீளத்தைத் தனித்தனியாக அளந்துகொண்டு போங்கள், இரண்டு பக்கமும் ஒரே நீளமாக இருக்காது. கடையில் இருக்கிறதே என்று நீளமானதைப் போட்டால் ஒன்றோடொன்று இடிக்கும், மோட்டருக்கும் பாரம் கூடும்.

புது பிளேட் போட்டும் கண்ணாடியில் பால் தெளித்ததுபோல ஒரு படலம் பரவினால், குற்றம் கண்ணாடியில். ஏ9 வீதியில் தம்புள்ளைப் பொருளாதார மையத்துக்குப் போகும் லொறிகளின் பின்னால் வருகிறீர்கள். டீசல் புகையும் எண்ணெய்த் துளியும் ஒட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீரால் மட்டும் போகாது. பாத்திரம் கழுவும் திரவத்தைப் போட்டுத் தேய்த்துக் கழுவி, பழைய பத்திரிகைத் தாளால் துடையுங்கள். வொஷர் தொட்டியிலும் தம்புள்ளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற வேண்டாம். அந்தப் பக்கத்துத் தண்ணீர் கடினத்தண்ணீர். கேத்தலில் வெள்ளையாகப் படிவது தண்ணீர் பீச்சும் துவாரத்திலும் படியும். வெள்ளிக்கிழமை காலியாக ஏறி, ரத்தோட்டைத் தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். இப்போதே அடைத்திருந்தால் ஒரு குண்டூசி போதும்.

டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளை ரிவர்ஸ்டன் கூட்டிப்போக வேண்டும் என்பதுதான் உங்கள் அவசரம். வடகீழ்ப் பருவமழை நக்கிள்ஸ் மலையில் நேராக வந்து மோதும் மாதம் அது. லக்கல வீதியில் ஏறும்போது நல்ல மழையைவிட மூடுபனித் தூறல்தான் தொல்லை. தொடர்ந்து ஓடவிட்டால் இறப்பர் காய்ந்த கண்ணாடியில் கீச்சிடும், நிறுத்தினால் எதுவும் தெரியாது. இடைவெளி விட்டு ஓடும் நிலைக்கு சுவிட்சைத் தள்ளுங்கள். அந்த இடைவெளியை மின்னணுவால் செய்துகாட்டிய ராபர்ட் கேர்ன்ஸ் என்ற அமெரிக்கர் ஃபோர்ட் கம்பனியோடு வருடக்கணக்கில் வழக்காடினார். 1990இல் ஃபோர்ட் ஒரு கோடி டொலருக்கு மேல் கொடுத்து முடித்துக்கொண்டது. உங்கள் காரில் அந்த நிலை மட்டும் வேலை செய்யாவிட்டால் மோட்டரைப் பார்க்கவே வேண்டாம், சுவிட்சையும் ரிலேயையும் பாருங்கள்.

மேலே போனதும் கண்ணாடி மங்கி, வைப்பர் எவ்வளவு அடித்தும் தெளியாவிட்டால், உள்பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். விரல் நனைந்தால் பனி உள்ளே. குளிருக்குக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு ஐந்து பேர் மூச்சு விட்டால் அப்படித்தான் ஆகும். ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பினால் நிமிடத்தில் தெளியும். குளிரில் ஏசியா என்று பின்சீட்டில் இருந்து கேட்பார்கள். குளிரவைக்க அல்ல, ஈரத்தை இழுக்க என்று சொல்லுங்கள். வைப்பர் அங்கே முற்றாக நின்றுவிட்டால், உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பது, புகையிலையைத் தேய்ப்பது என்று பழைய டிரைவர்மாரிடம் கைவைத்தியம் உண்டு. நீர் துளித்துளியாக நிற்காமல் படலமாக வழியும், சிறு தூறலில் கொஞ்ச நேரம் பார்வை கிடைக்கும். அகலமான இடம் பார்த்து ஒதுங்குவதற்கு அது போதும். அந்த வளைவுகளில் இறங்குவதற்குப் போதாது.

இவ்வளவுக்குப் பிறகும் மோட்டரேதான் குற்றவாளி என்றால், மாத்தளைத் திருகோணமலை வீதியில் விசாரித்துவிட்டு, கிடைக்காவிட்டால் கொழும்புக்குப் போகும் யாரிடமாவது பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எடுத்துவரச் சொல்லுங்கள். பழைய மோட்டரைக் கையோடு கொடுத்துவிடுங்கள். சொக்கெட்டில் எத்தனை பின், போல்ட் துவாரங்கள் எங்கே, கைப்பிடி எந்தப் பக்கம் என்று ஒப்பிட்டு, கடையிலேயே பற்றரியில் கொடுத்து இரண்டு வேகமும் ஓடுகிறதா, நிறுத்தினால் ஒரே இடத்தில் வந்து நிற்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். "ஓடும் ஐயா" என்ற வாய்வார்த்தைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

ஆனால் நீங்கள் அவ்வளவு தூரம் போகவேண்டி வராது. வேலை முடிந்ததும், இரண்டு தண்டில் எது இறுகியிருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். முற்றம் இடதுபக்கம் சரிந்திருப்பதாகச் சொன்னீர்கள். மூடிக்குள் தேங்கிய தண்ணீர் அந்தப் பக்கம்தான் நின்றிருக்கும். இடது தண்டு என்று நான் நினைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளர்